மசக்கைக்குக் கேட்ட கடைத்தெரு

மரக்காணம்
ஆடி முதல் வெள்ளி, 1977

அன்பு மகள் அமராவதிக்கு அம்மா எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டு, வேளைக்கு ஏதோ பொங்கித் தின்றுகொண்டு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் அந்த பிலாயில் சுகமாக இருக்கவேண்டும், உன் வயிற்றில் இருக்கிற உயிர் குறையில்லாமல் வளரவேண்டும் என்று தினமும் கண் விழித்ததும் கிழக்கே பார்த்துக் கும்பிட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் வந்து சேர்ந்தது. ஐந்தாம் மாதம் ஆகியும் மசக்கை விடவில்லை, சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது, நம் ஊர்க் கடைத்தெருத் தீனியை நினைத்தால் மட்டும் வாய் ஊறுகிறது என்று எழுதியிருந்தாய். கனி பாய் ரொட்டிக்கடைப் பொறை வேண்டும், கலியன் டீக்கடைக் காராசேவு வேண்டும், ஆதிமூலம் சோடாவில் எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டு அது பொங்கி வழிவதற்குள் வாய் வைக்கவேண்டும், நம் கடை ஆப்பத்தைப் பலகையில் உட்கார்ந்து சுடச்சுடத் தின்னவேண்டும் என்று ஒரு பக்கம் பூராவும் தீனியாகவே எழுதியிருக்கிறாய். உன் மாமியார் படித்திருந்தால் என்ன நினைத்திருப்பார்? பெண்ணை வீட்டில் வளர்க்காமல் கடைத்தெருவில் மேயவிட்டு வளர்த்திருக்கிறார்கள் என்றுதானே. அது ஒன்றும் பொய்யில்லை. அப்படித்தான் வளர்த்தோம்.

கடைசி நாலு வரியில்தான் முக்கியமான சங்கதியை எழுதியிருந்தாய். புரட்டாசியில் வளைகாப்பு முடிந்த கையோடு தலைப்பிரசவத்துக்கு இங்கே வந்துவிடுகிறேன், மாப்பிள்ளை கொண்டுவந்து விடுகிறார், அந்தத் தெருச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்று. அதைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டேன். பதில் எழுதாமல் இத்தனை நாள் தள்ளிப் போட்டதற்கு அதுதான் காரணம். ரோட்டை அகலப்படுத்துகிறார்கள், நம் கடையை எடுத்துவிட்டார்கள் என்று பங்குனியில் எழுதினேன். நீ அதை நம் கடை மட்டும்தான், அதையும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருப்போம் என்று எடுத்துக்கொண்டாய் போலிருக்கிறது. அமராவதி, நம் கடை மட்டும் இல்லை. மணிக்கூண்டு மாதிரி நிமிர்ந்து நின்ற அந்தப் புளியமரத்திலிருந்து திண்டிவனம் ரோடு திரும்புகிற முனை வரைக்கும் ஒரு கடை இல்லை. கடைக்குப் பின்னாலேயே நாம் குடியிருந்த அறையும் இல்லை. எல்லாம் புறம்போக்கு என்றார்கள். புறம்போக்குதான், யார் இல்லை என்றது? ஒருவரிடமும் பட்டா கிடையாது. வேறு இடத்தில் கடை கட்டித் தருவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. தாரும் போட்டாயிற்று, பேச்சும் நின்றுவிட்டது. இப்போது பஸ் அங்கே நிற்பதுகூட இல்லை, விர்ரென்று போய்விடுகிறது.

இருந்தாலும் புள்ளத்தாச்சி வாய்விட்டுக் கேட்டதைக் கொடுக்காமல் இருந்தால் பாவம் என்று, கிடைக்கிறதா பார்ப்போமே என்று கிளம்பினேன். ஆதிமூலம் சோடாவை எப்படியும் உனக்கு அனுப்ப முடியாது, ஆளாவது எப்படி இருக்கிறார் பார்த்துவிட்டு வரலாம் என்று விசாரித்தேன். செய்யூரில் மகன் வீட்டோடு போய் இருந்தவர் போன மாதமே போய்ச் சேர்ந்துவிட்டாராம். இங்கே யாருக்கும் தெரியாது. முன்பென்றால் நம் ஊர்க்காரன் ஒருத்தன் எங்கே செத்தாலும் சேதி கலியன் கடைக்கு வந்துவிடும், அங்கிருந்து ஊருக்கே தெரிந்துவிடும். இப்போது சேதி வந்தாலும் அதை இறக்கி வைக்க இடம் இல்லை. நீ சின்னதில் அழ ஆரம்பித்தால் அவர் அமராவதி டேம தொறந்துட்டாங்கடா, ஓடுங்கடா என்று கத்துவாரே, நீ அழுதுகொண்டே சிரிப்பாய். அந்த மனிதனுக்கு நம் தெருவிலிருந்து ஒரு மாலைகூடப் போகவில்லை.

கனி பாயைத் தேடிக்கொண்டு கூனிமேட்டுக்கே போனேன். அவர் சொந்த ஊரில் மகள் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், பாவம், இளைத்துப்போயிருக்கிறார். நீ மசக்கையில் பொறை கேட்கிறாய் என்று சொன்னேன். மனிதருக்கு முகமே மாறிவிட்டது. அடுப்பு இல்லயேம்மா, இடிச்ச அன்னிக்கே நம்ம ரொட்டி போயிடுச்சு என்றார். சொல்லிவிட்டு மகளைக் கூப்பிட்டு மாவு பிசையச் சொல்லி, வீட்டு அடுப்பிலேயே ஒரு சட்டியை வைத்து, மூடி மேல் தணல் போட்டுச் சுட்டுப் பார்த்தார். எனக்கு டீ கொடுத்து உட்கார வைத்துவிட்டு, இந்த வயதில் அடுப்பை ஊதிக்கொண்டு கிடந்தார். திறந்து பார்த்தால் பொறை உப்பவே இல்லை, சப்பட்டையாக, ஒரு பக்கம் தீய்ந்து கிடந்தது. பரவாயில்லை பாய், இதையே கொடுங்கள், அவள் ஆசைக்குத் தின்னட்டும் என்று கையை நீட்டினேன். கொடுக்கமாட்டேன் என்றுவிட்டார். இது நம்ம சரக்கு இல்ல, புள்ளத்தாச்சிக்குப் போயி இத குடுத்தனுப்பினா என்னைய அல்லா கேப்பான் என்று சொல்லிவிட்டு, பிய்த்துப் பிய்த்துக் கோழிக்குப் போட்டுவிட்டார். அங்கே எனக்கு அழுகை வரவில்லை. பஸ்ஸில் வரும்போது வந்தது.

கலியன் பாண்டிச்சேரியில் யாரோ ஒருவருடைய ஓட்டலில் டீ மாஸ்டராகப் போய்விட்டான். அவன் பெஞ்சும் ரேடியோவும் என்னவாயிற்று என்று தெரியவில்லை. ஆனால் ஒரு கூத்தைக் கேள். உன் அப்பாவும் அவர் கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் இன்னமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கேதான் போகிறார்கள். கடை இருந்த இடம் இப்போது ரோட்டு ஓரம். டீ கிடையாது, உட்கார ஒரு கல் கிடையாது. நாலைந்து பெரிய மனிதர்கள் வெட்டவெளியில் நின்றுகொண்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துவிட்டு வருகிறார்கள். போன வாரம் ஒரு லாரிக்காரன், யோவ் சாவுகிராக்கி, வூட்ல சொல்லிக்கினு வந்தியா என்று கத்திவிட்டுப் போனானாம். அப்பா அதை வந்து என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆமாம் சொல்லிவிட்டுத்தான் வந்தார் என்று அவனுக்குச் சொல்ல நான் அங்கே இல்லாமல் போனேனே என்று இருந்தது.

உன் அப்பாவுக்கு டீக்கடை போனதுதான் பெரிது. எனக்குப் பாஞ்சாலை வளையல் கடை போனதுதான். ஆம்பிளைகள் எங்கே வேண்டுமானாலும் நிற்பார்கள். உப்பளத்தில் வேலை செய்துவிட்டு வருகிற பெண்கள் யாரும் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார இந்த ஊரில் இருந்தது அந்த ஒரு இடம்தான். ஒரு குடம் தண்ணீரும் கால் வெடிப்புக்குத் தடவ ஒரு கிண்ணம் எண்ணெயும் வாசலிலேயே வைத்திருப்பாள். வளையல் வாங்கினாயா என்று ஒரு நாள் கேட்டிருப்பாளா? இப்போது எல்லாரும் அளத்திலிருந்து நேரே வீட்டுக்குப் போய் உலை வைக்கிறார்கள். யார் வீட்டில் என்ன துக்கம், யாருக்கு உடம்பு சரியில்லை, ஒன்றும் தெரிவதில்லை. பாஞ்சாலை கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இரும்பை, முதலியார்சாவடி என்று ஊர் ஊராகப் போகிறாள். வழியில் பார்த்தேன். உனக்கு வளைகாப்பு என்றதும் கூடையை நடுரோட்டில் இறக்கி வைத்து, பச்சையும் சிவப்புமாக இரண்டு கைக்கும் எடுத்துக் கொடுத்தாள். அமராவதி கையி எனக்குத் தெரியாதா, மாசமா இருக்கறவளுக்கு ஊதியிருக்கும், ஒரு சுத்து பெருசாவே போடுக்கா என்றாள். அது மட்டும்தான் நீ கேட்காமலே கிடைத்தது.

இப்போது நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன், படபடக்காமல் படி. நாங்கள் இப்போது இருப்பது உப்பளத்துக் காவல் கொட்டகையில். அப்பாவால் இனிமேல் பாத்தியில் இறங்கி உப்பு வாற முடியாது. வெயிலில் அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிவிட்டது, பக்கத்தில் வந்தால்தான் ஆள் அடையாளம் தெரிகிறது. புருஷனும் பெண்டாட்டியுமாக இருந்து உப்பு அம்பாரத்தைப் பார்த்துக்கொள்வதாக இருந்தால் இருங்கள் என்று சொல்லிக் கொட்டகையைக் கொடுத்திருக்கிறார்கள். பார்த்துக்கொள்வது நான், பெயர் அவருக்கு. ரோட்டிலிருந்து வரப்பு மேலேயே நடந்து வரவேண்டும். இரண்டு பேர் எதிர்ப்பட்டால் ஒருத்தர் ஒதுங்கவேண்டும், அவ்வளவுதான் அகலம். குடிக்கிற தண்ணீர் ஊருக்குள்ளிருந்து சுமந்து வருகிறேன். ஐப்பசி பிறந்து மழை பிடித்தால் வரப்பும் தெரியாது, பாத்தியும் தெரியாது, எல்லாம் ஒரே தண்ணீர். உனக்கு நாள் வருவது கார்த்திகைக் கடைசியில். இந்தக் கடற்கரையில் கார்த்திகை எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஊருக்குள் உன் பிரசவத்துக்கு மட்டும் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தால் போதும் என்று வீடு வீடாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். கொளஞ்சியம்மாள் வீட்டுப் பின்பக்கத்து அறை காலியாக இருந்தது. முதலில் சரி என்றாள், நான் போய்ப் பெருக்கிக்கூட வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அவளே வந்து வரப்பு முனையில் நின்றுகொண்டு, எக்கா, குடியிருக்கன்னா இன்னிக்கே சாவியக் குடுத்துடுவேன், பொறப்பு தீட்டு எங்க வூட்ல வேணாம்னு எங்க வூட்டுக்காரு சொல்லிட்டாரு, கோச்சிக்காத என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. யாரும் அந்நியப் பெண்ணைத் தங்கள் வீட்டில் பெற விடமாட்டார்கள், நானாக இருந்தாலும் யோசித்திருப்பேன். ஆஸ்பத்திரி இருக்கிறதே என்பாய். ஆஸ்பத்திரியில் பெற்றுவிடலாம். பெற்ற பிறகு பச்சைப் பிள்ளையோடு வீட்டுக்குப் போ என்பார்கள். எந்த வீட்டுக்கு?

நீ பிறந்தது ஆப்பக்கடைக்குப் பின்னால் அந்த ஒற்றை அறையில்தான். அன்றைக்கும் மழைதான். அப்பா அளத்தில் இருந்தார். எனக்கு வலி கண்டதும் கடை வாசலில் வந்து ஒரு குரல்தான் கொடுத்தேன். ஆதிமூலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருத்துவச்சியைக் கூட்டிவரப் பறந்தார். கனி பாய் ரொட்டி அடுப்பில் வெந்நீர் வைத்து அண்டா அண்டாவாகக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். பாஞ்சாலை கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கலியன் ரேடியோவை அணைத்துவிட்டான், நீ அழுகிற சத்தம் தெருவுக்குக் கேட்டதும் திரும்பவும் வைத்தானாம். எனக்கு அம்மா இல்லை, மாமியார் இல்லை. அந்தத் தெருதான் எனக்குத் தாய்வீடு. உனக்கும் அப்படியே நடக்கும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மழை பெய்தால் என்ன, நாலு ஆள் பிடித்து அமராவதியைக் கட்டிலோடு ஊருக்குள் தூக்கிப் போய்விடமாட்டோமா என்று அப்பா கேட்கிறார். கலியன் கடையில் ஒரு சத்தம் கொடுத்தால் நாலு என்ன, நாற்பது பேர் வருவார்கள். இப்போது எங்கே போய்ச் சத்தம் கொடுப்பது? உப்பு மேட்டைப் பார்த்தா?

ஆகையால் நீ வரவேண்டாம். எழுதிவிட்டேன். இதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன். தலைச்சன் பிள்ளையைத் தாய்வீட்டில் பெறாதவள் என்று உன்னை நாலு பேர் சொல்வார்கள், அதற்குக் காரணம் நான் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நீயாவது இங்கே வாயேன் அம்மா என்று கேட்பாய். நான் ரயில் ஏறிவிட்டால் இந்தக் கொட்டகையை அன்றைக்கே வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்பா தடுமாறி வரப்பிலிருந்து பாத்தியில் விழுந்து விழுந்து எழுந்திருக்கிறார். அவரைத் தனியாக விட்டுவிட்டு வர என்னால் முடியாது. அவரையும் கூட்டிக்கொண்டு வந்து சம்பந்தி வீட்டில் உட்கார்ந்து சாப்பிட அவர் சம்மதிக்கமாட்டார். எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு வழியும் இல்லை. வழி வரும் என்று உனக்குப் பொய்த் தைரியம் சொல்லவும் எனக்கு இஷ்டமில்லை.

இன்னொன்று. நான் வேண்டாம் என்று எழுதியது அப்பாவுக்குத் தெரியாது. எம் பொண்ணு இங்கதான் வருவா, எம் பேரப்புள்ள இந்த மண்லதான் விழும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கொட்டகைக்குள் உனக்கென்று கீற்றால் ஒரு தடுப்புக் கட்டியிருக்கிறார். கண் தெரியாமல் முடைந்து, கையெல்லாம் கிழித்துக்கொண்டு, கோணல்மாணலாகக் கட்டிவிட்டு எப்படி இருக்குது பார் என்கிறார். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றேன். அதனால் நீயாகவே வர முடியவில்லை என்று ஒரு கடிதம் எழுது. அங்கே டாக்டர் ரயில் பிரயாணம் கூடாது என்று சொல்லிவிட்டார் என்று எழுது. உனக்கும் ரொம்ப வருத்தம், ஆனால் பயம் ஒன்றும் இல்லை என்று எழுது. அவர் கண்ணால் படிக்க முடியாது, நான்தான் அவருக்குப் படித்துக் காட்டவேண்டும். படிக்கும்போது என் குரல் தடுக்காத மாதிரி சின்னச் சின்ன வாக்கியமாக எழுது. சம்பந்தியம்மாவிடமும் வீடு இல்லை என்று சொல்லாதே. மழைக்காலம், ரோடு சரியில்லை என்று சொல். அந்த அம்மாள் நல்லவர்தான், இருந்தாலும் பிறகு என்றைக்காவது ஒரு கோபத்தில் சொல்லிக் காட்ட இடம் கொடுக்கவேண்டாம்.

இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலத்தையும் லீவு முடிந்து பிலாய்க்குத் திரும்புகிற நம் பச்சமுத்துவிடம் கொடுத்து அனுப்புகிறேன். அதில் பாஞ்சாலை கொடுத்த வளையல் இருக்கிறது, துணி சுற்றி வைத்திருக்கிறேன், மெதுவாகப் பிரி. மல்லாட்டைக் கடலை நான் வறுத்தது. காராசேவு அப்பா கண் காட்டத் திண்டிவனம் போனபோது பஸ் ஸ்டாண்டில் வாங்கியது. கலியன் கடைதுன்னு எழுதிடு, வாய்க்கு என்னா தெரியும் என்று அப்பாதான் சொன்னார். உன் வாய்க்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தாலும் தின்றுவிடு, நன்றாக இருந்தது என்று அந்தக் கடிதத்தில் அவருக்கு ஒரு வரி எழுது.

நீயும் உன் புருஷனும் நீண்ட ஆயுளோடு, வயிறு நிறைந்து வாழவேண்டும், பிள்ளையும் தாயும் வேறு வேறாகி நல்லபடியாக எழுந்து உட்காரவேண்டும் என்று நானும் அப்பாவும் மனமார ஆசீர்வாதம் செய்கிறோம். டாக்டர் கொடுக்கிற மாத்திரையைக் கசக்கிறது என்று துப்பாதே. குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்காதே. கடிதத்தை ஆப்பக்கடை விலாசத்துக்குப் போடாதே, தபால் ஆபீஸ் விலாசத்துக்கே போடு, நான் போய் வாங்கிக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சம்பந்தியம்மாவைக் கூடவே இருக்கச் சொல், அந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொள், வேறு வீட்டு அம்மாள் என்று கூச்சப்படாதே. வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதே, அம்மா என்று வாய்விட்டுக் கத்து. எனக்குக் கேட்காது. இருந்தாலும் கத்து.

இப்படிக்கு
உன் அம்மா
கா. தெய்வநாயகி